மலையகத்தில் அமைதியாகச் சைக்கிள் ஓட: எந்தப் பள்ளத்தாக்கு, எந்த மாதம், எந்தப் பாதை?

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். சமதரையில் நாளொன்றுக்கு அறுபது எழுபது கிலோமீற்றர் ஓடிப் பழகிய தாமும் தம் மனைவியும் ஐந்து நாட்கள் மலையகத்தில் சைக்கிளில் சுற்ற விரும்புகிறார்கள் என்றும், பஸ் இரைச்சலும் லொறிப் புகையும் இல்லாமல் ஆற்றோரமாகவும் வயலோரமாகவும் செல்லும் பாதைகள் எவை என்றும், எந்த மாதம் உகந்தது, ஏற்றங்களைத் தங்களால் தாங்க முடியுமா என்றும் எழுதியிருக்கிறார். நான்கைந்து பாதைகளின் பெயரைச் சொல்லி இதை முடித்துவிடலாம். ஆனால் ஒரே பாதை பெப்ரவரியில் சொர்க்கமாகவும் ஜூலையில் சேறாகவும் இருக்கும் ஊர் இது. ஆகவே பாதையைத் தெரிவுசெய்யும் முறையை முதலில் சொல்லிவிட்டுப் பெயர்களுக்கு வருகிறேன்.

மலையகம் முழுவதற்கும் பொதுவான நல்ல மாதம் என்று ஒன்று கிடையாது. நடுவே நிற்கும் மலைத்தொடர் மழையை இரண்டாகப் பிரித்துவிடுகிறது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று சுமந்துவரும் மழையை ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட், தலவாக்கலை, நாவலப்பிட்டி முதலான மேற்குச் சரிவுகள் வாங்கிக்கொள்ளும். அதே நாட்களில் மலையைத் தாண்டி ஊவாப் பக்கம் இறங்கும் காற்று ஈரத்தை இழந்து, வெலிமடையிலும் பண்டாரவளையிலும் பதுளையிலும் வறண்ட காற்றாக வீசும். டிசம்பரில் வடகீழ்ப் பருவக்காற்று தொடங்கியதும் நிலைமை மாறி, ஊவாவும் வலப்பனை, இராகலைப் பக்கமும் நனைய, தை பிறந்த பின் மேற்குச் சரிவு தெளிந்த வானமும் குளிர்ந்த காலையுமாக இருக்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளத் தேயிலையே துணை செய்கிறது. குளிர்ந்த, வறண்ட நாட்களில் கொழுந்து மெதுவாக வளர்வதால் அதற்கு மணம் கூடும். அந்தக் காலத்தைத் தொழிற்சாலைகளில் ‘குவாலிட்டி சீசன்’ என்பார்கள். ஹட்டன், திம்புள்ளைப் பகுதிக்கு அது ஜனவரியிலிருந்து மார்ச் வரை, ஊவாவுக்கு ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை. எந்தச் சரிவில் தேயிலைக்கு மணம் ஏறுகிறதோ அந்த மாதத்தில் அந்தச் சரிவுக்குச் சைக்கிளோடு போங்கள். நான் இருபது ஆண்டுகளாக வைத்திருக்கும் கணக்கு இதுதான், பெரும்பாலும் பிழைத்ததில்லை.

இடைப்பட்ட மார்ச் இறுதி, ஏப்ரல், ஒக்டோபர், நவம்பர் ஆகியவற்றில் காலை வெயிலாக இருந்து மதியத்துக்குப் பின் இடியோடு மழை கொட்டும். அதிகாலையில் புறப்பட்டு ஒரு மணிக்குள் தங்குமிடம் சேர்பவருக்கு மார்ச் இறுதி பொருந்தும். ஏப்ரலில் நுவரெலியாவில் வசந்தகாலக் கொண்டாட்டம் நடப்பதால் சுற்றுவட்டப் பாதைகள் எல்லாம் வாகனங்களால் நிரம்பும். ஒக்டோபர், நவம்பரில் வரவே வேண்டாம் என்பேன். 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளரின் லயன் வீடுகளின் மேல் மலை சரிந்ததும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டுப் பாதைகளையும் பாலங்களையும் சிதைத்ததும் இந்த மாதங்களில்தான்.

அடுத்தது, ஒரு பாதையை யார் எதற்காக வெட்டினார்கள் என்று பார்ப்பது. கோப்பிக் காலத்தில் ரயில் இங்கே எட்டியிருக்கவில்லை. ஹட்டனுக்கு 1884 இலும் நானுஓயாவுக்கு 1885 இலும் அப்புத்தளைக்கு 1893 இலும் பதுளைக்கு 1924 இலும்தான் ரயில் வந்தது. அதுவரை சரக்கு பெரும்பாலும் மாட்டுக்கரத்தையில் போனது. பாரம் ஏற்றிய மாடு செங்குத்தாக ஏறாது. எனவே அந்தப் பாதைகள் மலையின் இடுப்பைச் சுற்றி, ஒவ்வொரு ஓடையின் மடிப்புக்குள்ளும் நுழைந்து மதகைக் கடந்து வெளியே வந்து, மிக மெல்லிய சாய்வில் ஏறுகின்றன. நம் முன்னோர் மண்வெட்டியும் அலவாங்குமாக வெட்டிய அந்தத் தடங்களே பின்னர் கொழுந்து லொறிகளின் பாதையாகி, இன்றும் பல தோட்டங்களில் ஒற்றைத் தடத் தார்ப் பாதைகளாக இருக்கின்றன. சைக்கிள்காரரின் கால் மாட்டின் காலைப் போன்றதே: நீண்ட மெல்லிய ஏற்றத்தைப் பொறுக்கும், குறுகிய செங்குத்தைப் பொறுக்காது. இதற்கு மாறாக, அண்மைக் காலத்தில் ஆட்டோவும் மோட்டார் சைக்கிளும் போவதற்காகப் போடப்பட்ட கொங்கிரீட் பாதைகள் குடியிருப்புக்கு நேராக ஏறுகின்றன. கைப்பேசி வரைபடம் ‘குறுகிய வழி’ என்று காட்டுவது பெரும்பாலும் இவற்றைத்தான். அவற்றில் ஏறினால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டிவரும், இறங்கினால் அதைவிட மோசம். வரைபடத்தில் பாம்பைப் போல் வளைந்து நெளியும் கோட்டைத் தேடுங்கள்.

இனிப் பள்ளத்தாக்குகள். ஜனவரி முதல் மார்ச் வரை வருவதானால் என் முதல் தெரிவு பொகவந்தலாவை. ஹட்டனிலிருந்து டிக்கோயா வழியாக இறங்கினால், 1965 இல் கட்டி முடிக்கப்பட்ட காசல்ரீ நீர்த்தேக்கம் ஒரு பக்கமாகக் கூடவே வரும்; நீரைப் பார்த்தபடி நிற்கும் 1878 ஆம் ஆண்டின் வார்லி தேவாலயத்தில் சற்று நின்று போகலாம். நோர்வூட் சந்தியில் மஸ்கெலியாப் பாதை பிரியும். டிசம்பர்ப் பௌர்ணமி முதல் வைகாசிப் பௌர்ணமி வரை சிவனொளிபாதமலைக்குப் போகும் பஸ்களும் வான்களும் அந்தப் பக்கம் திரும்பிவிடுவதால், பொகவந்தலாவைப் பக்கம் உடனே அடங்கிவிடும். அதற்கு மேல் பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றருக்குக் கெசல்கமு ஓயாவின் பள்ளத்தாக்கில் மெல்லிய ஏற்றம் மட்டுமே. இரு பக்கமும் மலை சூழ்ந்திருக்க, நடுவில் தரை ஏறக்குறையச் சமமாக விரிவதால், மலையகத்தில் பழக்கமில்லாதவரும் மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே ஓடக்கூடிய அரிய இடம் இது.

அங்கே சாய்ந்த வெயிலில் ஓடுவது ஒரு பாக்கியம். கவ்வாத்து வெட்டிய, அதாவது தேயிலைச் செடிகளைக் குட்டையாக நறுக்கிவிட்ட மலை ஒன்று பழுப்பு நிறத்தில் மொட்டையாக நிற்கும், அதற்கு அடுத்த மலை தளிர்ப்பச்சையில் மின்னும், ஆற்றை ஒட்டிய தாழ்வில் தோட்டத்து மக்கள் சிறு துண்டு நிலங்களில் போட்ட கோவாவும், கம்புகளில் படர்ந்த போஞ்சியும் தெரியும். நான்கு மணிவாக்கில் கொழுந்து மடுவத்தின் முன்னே பெண்கள் வரிசையாக நிற்பார்கள்; தராசில் சாக்கு ஏறும்போது எல்லாக் கண்களும் முள்ளின் மேல் இருக்கும். அந்த நேரத்தில் பாதை லொறிக்கும் அவர்களுக்கும் உரியது. சைக்கிளிலிருந்து இறங்கி ஓரமாகத் தள்ளிக்கொண்டு கடந்துவிடுங்கள். கைப்பேசியை நீட்டிப் படம் எடுக்காதீர்கள். பகல் முழுக்கச் சரிவில் நின்று கொழுந்து பறித்தவர்கள், அன்றைய நிறையைப் பார்க்கும் நேரம் அது. பொகவந்தலாவைத் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் ஒரு பழைய கல்லறையையும் பார்க்கலாம். ஒளிப்படக் கலையின் முன்னோடிகளுள் ஒருவரான ஜூலியா மார்கரெட் கமெரோன் 1879 இல் டிக்கோயாவில் இறந்து இங்கேதான் அடக்கம் செய்யப்பட்டார்.

ஜூலை முதல் செப்டெம்பர் வரை வருவதானால் வெலிமடை. உமா ஓயாவும் அதன் கிளைகளும் உருவாக்கிய அகன்ற தாழ்நிலம் இது. தேயிலை மேட்டுக்கு ஒதுங்கிவிட, ஓயாவின் ஓரமெல்லாம் வயலும் காய்கறித் தோட்டமுமாக இருக்கும். வயலோரப் பாதை என்று நீங்கள் கேட்டது உண்மையில் இங்கேதான் கிடைக்கும். பெரும்போகத்தில் நெல் விளைந்த அதே வயல்களில் சிறுபோகத்தில் உருளைக்கிழங்கு போடுவது இந்தப் பகுதியின் வழக்கம். ஆகவே ஆகஸ்ட் மாதத்தில் வரப்புக் கட்டிய படிவயல்களில் நெல்லுக்குப் பதிலாகக் கிழங்குச் செடி அணிவகுத்து நிற்பதைப் பார்க்கலாம். எங்கும் நீர்த்தெளிப்பான்களின் சடசடப்பு கேட்கும். நுவரெலியாவிலிருந்து ஹக்கலை, கெப்பெட்டிபொல வழியாக இறங்கும் பிரதான வீதி விரைவானது, ஆனால் அமைதியானது அல்ல. கெப்பெட்டிபொலவில் பொருளாதார மத்திய நிலையம் இருப்பதால் பிற்பகலிலும் மாலையிலும் மரக்கறி லொறிகள் அதில் ஓய்வதில்லை. வெலிமடையை அடைந்தபின் ஊவா பரணகமப் பக்கமோ குருத்தலாவை, பொரலந்தைப் பக்கமோ விலகிவிட்டால் வேறு உலகம். குருத்தலாவையில் தமிழ் பேசும் முஸ்லிம் மக்கள் வாழ்கிறார்கள். தேநீர்க் கடையில் ஒரு நானாவிடம் வழி கேட்டால் பாதையோடு மழை நிலவரமும் உருளைக்கிழங்கு விலையும் சேர்த்தே சொல்வார்.

பொரலந்தையிலிருந்து அப்புத்தளைக்கு ஏறிவிட்டால், தம்பேதன்னைத் தோட்டத்துக்குப் போகும் சுமார் 10 கிலோமீற்றர் பாதையைத் தவறவிடாதீர்கள். தோமஸ் லிப்டன் 1890 இல் வாங்கிய தோட்டங்களுள் ஒன்று அது. கரத்தைப் பாதை என்று மேலே சொன்னேனே, அதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை: மலையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு ஏறுவதே தெரியாமல் போகும். தொழிற்சாலைக்கு மேலே லிப்டன் இருக்கை என்ற காட்சிமுனைக்கு ஏறும் ஏழு கிலோமீற்றர் மட்டும் கடுமையானது; அங்கே நடப்பதில் குறைவு ஒன்றும் இல்லை. ஜூலை, ஆகஸ்டில் அப்புத்தளைக் கணவாயில் வீசும் காற்று சைக்கிளைப் பக்கவாட்டில் தள்ளும் அளவுக்குப் பலமானது. பக்கத்தில் பள்ளம் இருக்கும் திருப்பங்களில் மலையின் பக்கமாக ஒதுங்கி மெதுவாகப் போங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தவலந்தென்னையிலிருந்து பூண்டுலோயா வழியாகத் தலவாக்கலைக்கு ஏறும் பாதை, இறம்பொடை வழியாகச் செல்லும் பிரதான வீதியின் நெரிசலுக்கு நல்ல மாற்று. 1985 இல் நிரம்பிய கொத்மலை நீர்த்தேக்கத்தின் ஓரக் கிராமங்களும் அமைதியானவை. நீர் வற்றும் காலத்தில், மூழ்கிப்போன கடதொர விகாரையின் சிதைவுகள் மேலே தெரியும். கலஹா, தெல்தோட்டை வழியாக ஹேவாஹெட்டைக்குப் போனால், 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட லூல்கந்துரைத் தோட்டத்தைப் பார்க்கலாம், ஆனால் அந்தப் பக்கம் ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வந்து காலை வாங்கிவிடும். விக்டோரியாவிலிருந்து ரந்தெனிகலைக்கு மகாவலியை ஒட்டிச் செல்லும் பாதையைப் படத்தில் பார்த்து மயங்கிவிட வேண்டாம். அது சரணாலயத்துக்குள் போகிறது. யானை குறுக்கே வரும் பாதையில் சைக்கிளில் போவது துணிச்சல் ஆகாது.

சமதரைச் சைக்கிளோடு வரலாமா என்பதற்கு வருகிறேன். வரலாம், ஆனால் இரண்டு விடயங்களை மாற்ற வேண்டும். முதலாவது கியர். முன்பற்சக்கரத்தில் எத்தனை பற்களோ ஏறக்குறைய அத்தனை பற்கள் பின்னால் உள்ள பெரிய பற்சக்கரத்திலும் இருக்க வேண்டும். அப்படி இருந்தால் மிதியை ஒரு முறை சுற்றும்போது சில்லும் ஒரு முறைதான் சுற்றும். நிமிடத்துக்கு அறுபது சுற்று மிதித்தால் மணிக்கு ஏழரைக் கிலோமீற்றர் வேகம் கிடைக்கும். மலையில் அது போதும், வெட்கப்பட ஒன்றுமில்லை. கியர் இல்லாத வண்டியோடு வந்தால் பாதி வழி தள்ளித்தான் போக வேண்டும்.

இரண்டாவது பிரேக். சமதரைக்காரர் ஏற்றத்தை எண்ணியே பயப்படுகிறார்கள். எனக்கு இறக்கத்தின் மேல்தான் கவலை. ஆளும் வண்டியும் பொதியுமாகத் தொண்ணூறு கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுநூறு மீற்றர் உயரத்திலிருந்து பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கினால், ஏறக்குறைய இரண்டு லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் அளவுக்குச் சூடு பிறக்கும். அந்தச் சூட்டில் பெரும்பகுதி ரிம்மில் ஏறி டியூப்பை வெடிக்கச் செய்யலாம். எனவே விடாமல் தேய்த்துக்கொண்டே வராதீர்கள். திருப்பத்துக்கு முன்னே இரண்டு பிரேக்கையும் அழுத்தி வேகத்தைக் குறைத்து, திருப்பத்தில் விட்டுவிட்டு, அடுத்ததற்கு முன்னே மறுபடி பிடியுங்கள். நீண்ட இறக்கத்தில் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை நின்று ரிம்மை ஆறவிடுங்கள். புதிய பிரேக் கட்டைகள் ஒரு சோடி பையில் இருக்கட்டும். டயர் 35 மில்லிமீற்றருக்குக் குறையாமல் இருந்தால் தோட்டப் பாதையின் குழிகள் கையை உலுக்காது.

நானே விழுந்த கதை ஒன்றையும் சொல்ல வேண்டும். கந்தப்பளைக்கு அருகே பாதையோரத்தில் கரட் கழுவும் இடங்கள் பல உண்டு. சாக்கிலிருந்து சீமெந்துத் தொட்டியில் கொட்டிய கரட்டின் நடுவே ரப்பர் சப்பாத்து அணிந்த இளைஞர்கள் நின்று காலால் புரட்ட, குழாய் நீர் பாய்ச்சப் பாய்ச்சக் கறுப்பு மண் கரைந்து செம்மஞ்சள் நிறம் வெளியே வரும் காட்சி அழகானது. அதைப் பார்த்துக்கொண்டே ஒரு வளைவில் திரும்பினேன். கழுவிய நீர் பாதைக்குக் குறுக்கே ஓடி, தாரின் மேல் மெல்லிய களிப் படலமாகப் படிந்திருந்தது. முன்பிரேக்கைத் தொட்டதும் முன்சில்லு சோப்பில் வழுக்குவதுபோல் விலகியது. முழங்கையும் இடுப்பும் தாரில் உரசின. தொட்டியிலிருந்து ஓடிவந்த தம்பிகள் அதே குழாய் நீரால் காயத்தைக் கழுவி, பிளேன்டீ வாங்கிக் கொடுத்து, வளைந்துபோன கைபிடியையும் நிமிர்த்திவிட்டார்கள். அன்றிலிருந்து, வெயில் காலத்தில் பாதை ஈரமாகத் தெரிந்தால் மேட்டில் கரட் தொட்டி இருக்கிறது என்று வைத்துக்கொண்டு, வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுகிறேன்.

தோட்டத்துப் பாதைகள் பல கம்பனிகளின் பொறுப்பில் உள்ளவை. தடைக்கம்பம் இருந்தால் காவற்காரரிடம் “அண்ணே, இந்தப் பக்கமா மெயின் ரோட்டுக்குப் போகலாமா?” என்று கேளுங்கள், தமிழில் கேட்கும் சைக்கிள்காரருக்கு வழி மறுத்ததை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். காலை ஆறரை முதல் எட்டு வரை பிரட்டுக்கு (காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு) போகிறவர்களும் பாடசாலைப் பிள்ளைகளும் பாதையை நிறைத்திருப்பார்கள். எட்டரை முதல் பதினொரு மணி வரை உள்ள பொழுதுதான் மிக அமைதியானது. பீலியில் விழும் தண்ணீர் பளிங்குபோல் இருந்தாலும் மேலே மருந்தடித்த மலை இருக்கக்கூடும்; முகம் கழுவலாம், குடிப்பதற்குக் கடையில் கொதித்த நீரை வாங்கிக்கொள்ளுங்கள். மலையிலிருந்து யாராவது “குளவி!” என்று கூவினால் அதை அலட்சியம் செய்யாதீர்கள். குளவி கொட்டி உயிரிழந்த தொழிலாளர்கள் எத்தனையோ பேர். உடனே வந்த வழியே திரும்பி விலகிவிடுங்கள், கையை வீசி விரட்டாதீர்கள். சிறுத்தைகள் தேயிலைக்குள் நடமாடுவதால் பொழுது சாய்ந்தபின் தோட்டப் பாதையில் இருக்க வேண்டாம். மூடுபனிக்கு முன்விளக்கும் சிவப்புப் பின்விளக்கும் பகலிலும் எரியட்டும்.

புறப்படுவதற்கு முதல்நாள் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று நிலைகளில் பிரதேச வாரியாக வெளியிடுகிறார்கள். மஞ்சள் என்றாலே நான் அந்தப் பள்ளத்தாக்கைத் தவிர்த்துவிடுவேன். டித்வா புயலுக்குப் பின் சில சிறு பாதைகள் வரைபடத்தில் மட்டுமே முழுதாக இருக்கின்றன, ஒவ்வொரு சந்தியிலும் “பாலம் இருக்கா?” என்று கேட்டுவிட்டே இறங்குங்கள். இறங்கியபின் பாலம் இல்லை என்று தெரிந்தால், இறங்கியதை முழுவதும் திரும்ப ஏற வேண்டும்.

தங்களால் முடியுமா என்ற கடைசிக் கேள்வியை முதல் நாளே சோதித்துவிடலாம். பெப்ரவரியில் வந்து ஹட்டனில் ஓர் இரவு தங்குங்கள். மறுநாள் காலை எட்டரைக்குப் பொதியை அறையில் வைத்துவிட்டு நோர்வூட்டுக்கு இறங்கி, பொகவந்தலாவை வரை மெல்ல ஓடி, அங்கே ரொட்டியும் கட்டசம்பலும் சாப்பிட்டுவிட்டுத் திரும்புங்கள். டிக்கோயாவிலிருந்து ஹட்டனுக்கு ஏறும் கடைசி ஏற்றம்தான் பரீட்சை. அதை இருவரும் இடையில் இரண்டு முறை நின்றாவது ஏறி முடித்தால், அடுத்த நாள் தலவாக்கலை, பூண்டுலோயா, கொத்மலை என்று பொதியோடு புறப்படலாம். முடியவில்லை என்றால் ஹட்டனிலேயே இருந்து, அடுத்த நான்கு நாட்களையும் அந்த ஒரே பள்ளத்தாக்கின் கிளைப் பாதைகளில் கழியுங்கள். அங்கே நான்கு நாட்களுக்குப் போதுமான பாதை இருக்கிறது.